ஓர் உண்ணியைக்கூட நான் கொன்றதில்லை

ஜன்னலோரம் நீங்களே இருந்துகொள்ளுங்கள் அண்ணாச்சி, எனக்கு எதிர்காற்று ஆகாது. பையில் மாட்டுப் படம் போட்டிருக்கிறதே, கால்நடைத் துறையா? ஓ, தீவனக் கடையா. அதுவும் நல்லதுதான். ஆடு மாடு என்றால் உங்களுக்கு விளங்கும். விளங்காத ஆட்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. கயத்தாறு போகிற வரைக்கும் கேளுங்கள். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள், என் மேல் தப்பு உண்டா என்று.

ஒட்டகத்துக்கு உண்ணி வந்தது என்னால் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பேர் சங்கரநயினார். ஆலடிக்குறிச்சி அம்மன் கோயிலில் பதினேழு வருஷமாக இராக்காவல். ஒட்டகத்தின் பேர் மரகதம். சாமி புறப்பாட்டுக்கு முன்னால் முரசைச் சுமந்துகொண்டு போவாள். ஜெய்ப்பூர்ப் பக்கம் கல் வியாபாரம் பண்ணுகிற நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் நேர்ந்துகொண்டு கொடுத்தது. கூடவே அந்த ஊர் ஆள் ஒருத்தனும் வந்தான். இரண்டு மாசம் இருந்தான். புளிக்குழம்பு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சைகையால் சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டான்.

யார் பார்த்துக்கொள்வது என்று ஆபீசில் கேட்டார்கள். கோசாலையில் மாடு பார்க்கிற சுடலைக்கண்ணு கையை விரித்துவிட்டான். "மாடுன்னா பாப்பேன். இது பாதி மாடு, பாதி ஏணி. எனக்குத் தெரியாது"ன்னான். நான்தான் கையைத் தூக்கினேன். எனக்குப் பகலில் தூக்கம் வராது அண்ணாச்சி. பதினேழு வருஷம் இராத்திரி விழித்தவனுக்குப் பகல் என்பது அடுத்தவன் வீட்டு விசேஷம் மாதிரி. எல்லோரும் அதது வேலையாகத் திரிவார்கள், நாம் ஒரு மூலையில் சும்மா நிற்க வேண்டும். மரகதம் வந்த பிறகுதான் எனக்குப் பகலில் ஒரு சோலி கிடைத்தது.

ஒன்றும் தெரியாமல் இறங்கவில்லை. படித்தேன். எட்டாவதோடு நின்றவன்தான், ஆனாலும் கால்நடை ஆஸ்பத்திரியில் சும்மா கொடுக்கிற புஸ்தகம் அத்தனையும் வாங்கிப் படித்தேன். கறவை மாடு, வெள்ளாடு, வான்கோழி, வெண்பன்றி, எல்லாம். ஒட்டகத்துக்குப் புஸ்தகம் இல்லை. நான்தான் கொஞ்சம் மாட்டிலிருந்தும் கொஞ்சம் ஆட்டிலிருந்தும் எடுத்து மனசுக்குள் ஒட்டவைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிப் படிவத்திலேயே ஒட்டகத்துக்குக் கட்டம் கிடையாது தெரியுமா? டாக்டர் ஜெபசிங் பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். "எருமைன்னு போட்டுக்கிடுதேன், கோவிச்சுக்கிடாதீரு"ன்னார். சர்க்கார் கணக்கில் மரகதம் இன்றைக்கும் எருமைதான்.

சரி, உண்ணிக்கு வருகிறேன்.

போன ஆடியில்தான் முதல் உண்ணியைப் பார்த்தேன். காது மடலுக்குள்ளே, சிவப்பும் பழுப்புமாக, ஆமணக்கு விதை மாதிரி. பிறகு வால் மூட்டில், தொடை இடுக்கில், மடியில், மூக்குத் துவாரத்தில்கூட. நாய் உண்ணி மாதிரி சோம்பேறி இல்லை அண்ணாச்சி அது. கால் நீளம். தரையில் விட்டால் ஆளைப் பார்த்து ஓடிவரும். மரகதம் சுவரில் உடம்பைத் தேய் தேய் என்று தேய்ப்பாள். தேய்த்த இடம் புண்ணாகும், புண்ணில் ஈ மொய்க்கும்.

நான் கையால் எடுத்தேன். டியூட்டி முடிந்ததும் விடிகாலையில் உட்கார்ந்தால் எட்டு மணி ஆகும். விளக்கெண்ணெய் தொட்டு, நகம் படாமல், தலை உள்ளே அறுந்து நிற்காமல், ஒவ்வொன்றாக, உயிரோடு. உயிரோடு என்பதைக் கவனியுங்கள். ஏனென்றால் எங்கள் தெப்பக்குளத்துப் படியில் ஒரு பலகை இருக்கிறது. 'இம்மதிலுக்குள் உயிர்வதை கூடாது.' குளத்தில் தூண்டில் போட்டவர்களுக்காக எழுதினது என்று ஊரில் சொல்வார்கள். பலகையில் மீன் என்று எழுதியிருக்கிறதா? உயிர் என்றுதான் எழுதியிருக்கிறது. நான் கோயில் சம்பளம் வாங்குகிறவன். நானே அதை மீறலாமா?

அதனால் எடுத்ததையெல்லாம் ஒரு சந்தன டப்பாவில் போட்டு, மூடியில் காற்றுக்கு ஓட்டை வைத்து, வடக்கு வாசல் வழியாகக் கொண்டுபோய் மதிலுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வருவேன். கொட்டமாட்டேன், விடுவேன். அங்கே நல்ல புல், இடுப்பு உயரம், குளிர்ச்சியாக இருக்கும். கோசாலை மாட்டுக்கும் மரகதத்துக்கும் சேர்த்துப் போட்டிருக்கிற தீவனப் புல்தான். சுடலைக்கண்ணு தினமும் சாயங்காலம் அறுத்துக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போடுவான்.

டாக்டர் ஜெபசிங் ஒருநாள் சொன்னார், "நயினாரே, இந்தக் குண்டா இருக்குல்லா, இது பொட்டை. ரத்தம் குடிச்சு நிறைஞ்சிருக்கு. ஒண்ணே ஒண்ணு விழுந்தாப் போதும், ஆயிரம் ஆயிரமா முட்டை போடும், கேட்டீரா?" நான் கேட்காமல் இருப்பேனா? அன்றையிலிருந்து குண்டானதையெல்லாம் தனி டப்பாவில் எடுத்தேன். பிள்ளைத்தாச்சி இல்லையா அண்ணாச்சி! அதைக் கொண்டுபோய் வெயிலில் போட முடியுமா? புல்லை விலக்கி, வேர் ஓரமாக, ஈரம் பார்த்து இறக்கிவிடுவேன். சுடலைக்கண்ணு அரிவாளோடு நின்று வேடிக்கை பார்ப்பான்.

"என்ன வே, சீமந்தம் எப்பம் வச்சிருக்கீரு? வளையல் நான் வாங்கியாரட்டுமா?"

பேசட்டும். உயிருடைய அருமை மாடு மேய்க்கிறவனுக்குத் தெரியாது.

ஆனால் பாருங்கள், எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. ஆவணியில் இரட்டிப்பு. புரட்டாசியில் கேட்கவே வேண்டாம், எள்ளைத் தூவினது போலப் பொடிப்பொடியாகக் கால் நெடுகக் குஞ்சு உண்ணி. மரகதம் இளைத்துவிட்டாள். திமில் ஒரு பக்கமாகத் தொங்கிப்போயிற்று. சோளத்தட்டையை முன்னால் போட்டால் பார்ப்பாள், தின்னமாட்டாள். கண்ணில் ஒரு கலக்கம்.

டாக்டர் ஊசி போட்டார். உடம்புக்கும் கொட்டிலுக்கும் மருந்து அடிக்கச் சொன்னார். கீழே கிடக்கிற வைக்கோலைக் கொளுத்தி, சுவர் வெடிப்பில் சுண்ணாம்பு பூசவும் சொன்னார். அடித்தார்கள். ஆபீஸ் ஆள் நின்று பார்த்து எழுதிக்கொண்டும் போனான். அந்த நாற்றம் இருக்கிறதே! மரகதம் மூக்கை மூடிக்கொண்டு என்னையே பார்த்தாள். ஒட்டகம் மூக்கை மூடும், உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. எனக்குப் பொறுக்கவில்லை. எல்லோரும் போனதும் குழாயைத் திறந்து நாலு தடவை குளிப்பாட்டிவிட்டேன். கொட்டிலையும் கழுவிவிட்டேன். வைக்கோலை எதற்குக் கொளுத்த, அவ்வளவு உயிர் அதில் இருக்கும்போது? சும்மா உதறிக் காயப்போட்டு மறுபடி விரித்துவிட்டேன். அந்தப் பதினைந்து நாள் உண்ணி குறைந்துதான் இருந்தது. டாக்டர் ஊசியால் என்றார். சரி சார் என்று தலையாட்டினேன். படித்தவர், அவருக்கும் ஒரு பெருமை வேண்டும்தானே.

பிறகு மறுபடி ஏறிவிட்டது. அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒருநாள் காதிலிருந்து ஒன்றை எடுக்கிறேன், எங்கேயோ பார்த்த உண்ணி மாதிரி இருக்கிறது. சிரிக்காதீர்கள் அண்ணாச்சி. இராக்காவல்காரன் கண். ஒரு தடவை மதிலேறிக் குதித்தவனை மூணு வருஷம் கழித்துச் சந்தையில் பார்த்துப் பிடித்துக் கொடுத்தவன் நான்.

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று, மதிலுக்குப் பூசுகிற காவி கொஞ்சம் எடுத்து, தீக்குச்சியால் தொட்டுப் பதினொரு உண்ணி முதுகில் பொட்டு வைத்தேன். குண்டானதுகளை விட்டுவிட்டேன், பிள்ளைத்தாச்சிக்குச் சாயம் ஆகாது. வழக்கம் போல மதிலுக்கு அப்பால் புல்லில் விட்டேன். நாலாம் நாள் மரகதத்தின் இடது காதில் காவிப் பொட்டோடு உட்கார்ந்திருக்கிறது ஒன்று!

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நான் மெனக்கெட்டு வெளியே விட்டதைச் சுடலைக்கண்ணு பொறுக்கி எடுத்து, புல்லுக்கட்டில் வைத்து, திரும்பக் கொண்டுவந்து போடுகிறான். பொறாமை. வேறென்ன? ஒட்டகத்தோடு நான் வீதியில் போனால் பிள்ளைகள் பின்னாலேயே ஓடிவரும். அவன் மாட்டோடு போனால் யார் வருவார்கள்?

முழுத்தாளில் மனு எழுதினேன். காவிப் பொட்டு உண்ணியையும் ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு எடுத்துக்கொண்டு நிர்வாக அதிகாரி அம்மாவிடம் போனேன். இந்திராணி அம்மா. நல்ல மாதிரி, சத்தம் போடமாட்டார்கள். சுடலைக்கண்ணையும் கூப்பிட்டு நிறுத்தினார்கள்.

அம்மா மனுவை இரண்டு தடவை படித்தார்கள்.

"நயினார், எடுத்த உண்ணிய எங்க விட்டேன்னு எழுதியிருக்கீங்க?"

"வடக்கு மதிலுக்கு அந்தப் பக்கம்மா. உயிரோட. ஒண்ணுகூட சாகல."

"அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"புல்லும்மா."

"அந்தப் புல்லு யாருக்கு?"

"மரகதத்துக்கும் கோசாலைக்கும்."

அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார்கள். பிறகு சுடலைக்கண்ணைப் பார்த்தார்கள். அவன் கூரையைப் பார்த்தான், தோள் குலுங்கியது. பயம். ஆதாரம் அவ்வளவு பலம் அண்ணாச்சி.

"தினமுமா விட்டீங்க?"ன்னு மெதுவாகக் கேட்டார்கள்.

"ஒருநாள் தவறினது இல்லம்மா. காய்ச்சல்லகூட வந்தேன்."

"சுடலைக்கண்ணு, நீ போ"ன்னார்கள். அவன் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினான். எனக்கு, "இனிமே வடக்கு மதில் பக்கம் நீங்க போகக் கூடாது. உண்ணிய நீங்க எடுக்கவும் வேண்டாம், டாக்டர் பாத்துக்கிடுவார்"ன்னு உத்தரவு. குற்றம் பண்ணினவனுக்கு ஒரு மெமோ இல்லை. சரி, பெரிய இடத்தில் ஆயிரம் இருக்கும்.

உத்தரவை நான் மீறவில்லை. வடக்கு மதில் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் கண்ணெதிரே அந்தப் பிள்ளையின் ரத்தத்தை உறிஞ்சுகிறதை எடுக்காமல் எப்படி இருப்பது? எடுத்தேன். தெற்குப் பக்கம் கொண்டுபோனேன். தெற்கே வைக்கோல் போர் இருக்கிறது, மழை படாது, கதகதப்பாகவும் இருக்கும். அந்த வைக்கோலைத்தான் மரகதத்துக்குக் கீழே விரிப்பது. அது வேறு விஷயம்.

தைத் திருவிழா வந்தது. டாக்டர், "இந்த வருஷம் முரசு ஏத்தாதீங்க, உடம்புல ரத்தமே இல்ல"ன்னார். நான் விடவில்லை. ஆறு வருஷமாக அவள் முன்னால் போய்த்தான் அம்மன் பின்னால் வருகிறது. வீட்டில் உட்காரவைத்தால் அவள் மனசு என்ன பாடுபடும்? "நான் கூடவே நடக்கேன் சார், என் மேல சாஞ்சுக்கிட்டே வருவா"ன்னு காலில் விழாத குறையாகக் கெஞ்சி ஏற்றிவிட்டேன். மணி கட்டி, ஜரிகைப் போர்வை போட்டு, புண் தெரியாமல் மஞ்சள் பூசிக் கூட்டிப்போனேன்.

கீழ ரத வீதி திரும்புகிறோம். அம்மன் சப்பரம் நேரே வருகிறது. மரகதம் நின்றாள். முன்னங்காலை மடித்தாள். பிறகு பின்னங்கால். முரசோடு அப்படியே அம்மனுக்கு நேரே தலையைத் தரையில் வைத்துவிட்டாள்.

ஜனம் ஒரே சத்தம்! "ஏ, ஒட்டகம் கும்பிடுது, ஒட்டகம் கும்பிடுது!" பெண்டுகள் குலவை போட்டார்கள். ஒரு அம்மாள் தன் கழுத்து மாலையைக் கழற்றி அவளுக்குப் போட்டாள். யாரோ சூடம் ஏற்றிவிட்டார்கள். முரசு அடிக்கிற பையன் இறங்கத் தெரியாமல் மேலேயே உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தான். செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி நூறு பேர். என்னையும் கும்பிட்டார்கள் அண்ணாச்சி. பதினேழு வருஷத்தில் அந்தக் கோயிலில் என்னை ஒருத்தர் கும்பிட்டது அன்றைக்குத்தான். நானும் விழுந்து கும்பிட்டேன்.

அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு டாக்டர் ஜெபசிங் வருகிறார். வேட்டி அவிழ்கிறதுகூடத் தெரியவில்லை அவருக்கு. நேரே போய் மரகதத்தின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக இருந்தது. "முரசை இறக்குங்கவே! சாகப் போகுது இது!"ன்னு கத்தினார். குலவையில் யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் விழுந்து கிடந்ததால் எனக்கு மட்டும் கேட்டது.

கேட்ட பிறகும் நான் உடனே எழுந்திருக்கவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் இருக்கும். அவள் கும்பிடுகிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

சரி, விடுங்கள்.

பிழைத்துவிட்டாள். வீதியிலேயே பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். மறுநாள் லாரியில் ஏற்றிக் கயத்தாறுக்குத் தெற்கே ஒரு பண்ணைக்கு அனுப்பிவிட்டார்கள். வயசான குதிரை, அடிபட்ட மாடு எல்லாம் வைத்துப் பார்க்கிற இடம். லாரியில் ஏறமாட்டேன் என்று கத்தினாள். என்னையும் ஏற்றுங்கள் என்று நானும் கத்தினேன். இந்திராணி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அப்படியெல்லாம் பிடிக்கிறவர்கள் இல்லை. "நயினார், உங்களுக்கு அது மேல பாசம் இருக்கு. அதை நான் மறுக்கல. ஆனா நீங்க கிட்ட போகாம இருந்தாத்தான் அது பிழைக்கும்"ன்னார்கள். இப்படி ஒரு வார்த்தை சொல்லலாமா? அதற்கு நான் ஊரில் யாரிடம் போய் அர்த்தம் கேட்க?

ஒன்றரை மாசம் ஆகிறது. அங்கே உடம்பில் ஓர் உண்ணி இல்லையாம். திமில் நிமிர்ந்துவிட்டதாம். டாக்டர் நல்ல மருந்து என்கிறார். எனக்குத் தெரியும், அது மருந்து இல்லை. ஏக்கம். ஏக்கம் பிடித்த உடம்பின் ரத்தம் கசக்கும், உண்ணிக்குப் பிடிக்காது. எந்தப் புஸ்தகத்திலும் இல்லை, நானாகக் கண்டுபிடித்தது.

வருகிற வெள்ளிக்கிழமை டாக்டர் போய்ப் பார்க்கிறார். காதிலிருந்து வால் வரைக்கும் ஓர் உண்ணிகூட இல்லை என்றால் பங்குனிக்குக் கோயிலுக்குத் திரும்ப அனுப்பிவிடுவார்கள். ஒன்றே ஒன்று இருந்தாலும் பண்ணையிலேயே வைத்துக்கொள்வார்களாம், நிரந்தரமாக. எனக்குத் தூக்கமே இல்லை அண்ணாச்சி. இராத்திரியும் இல்லை, பகலும் இல்லை.

போன மாசம் ஒரு தடவை போனேன். கேட்டிலேயே நிறுத்தி, குளிக்கச் சொல்லி, என் துணியைப் பையில் கட்டி வைத்துவிட்டு அவர்கள் ஒரு நீலச் சட்டையும் கால்சட்டையும் கொடுத்தார்கள். சோப்பு வாசனையோடு போய் நின்றேன். "மரகதம்"னு கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தாள். மூக்கை நீட்டி மோந்தாள். பிறகு யாரோ ஒருத்தரைத் தாண்டிப் போகிற மாதிரி என்னைத் தாண்டிப் போய்விட்டாள்.

அவள் மேல் தப்பு இல்லை. ஆறு வருஷமாக அவளுக்குத் தெரிந்தது என் வாசனைதானே, என் மூஞ்சியா? அதை அவர்கள் கழுவி எடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வரைக்கும் அவள் தெம்பாக இருக்க வேண்டும். நான் வந்தேன், விட்டுவிடவில்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

அதனால் இந்தத் தடவை ஒரு காரியம் பண்ணியிருக்கிறேன். உண்ணி எடுக்கும்போது மடியில் விரித்து உட்காருவேனே ஒரு துண்டு, அதைக் கொட்டில் மூலையிலிருந்து எடுத்து, துவைக்காமல், உதறக்கூடச் செய்யாமல், வயிற்றைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன். குளிக்கிற அறைக்குள் யாரும் வந்து பார்க்கமாட்டார்கள். குளித்துவிட்டு மறுபடி கட்டிக்கொண்டு, மேலே அவர்கள் சட்டையைப் போட்டுக்கொள்வேன். உள்ளே போய் அவள் கழுத்தைச் சுற்றி ஒரே ஒரு நாழிகை அதைப் போட்டுவிட்டு வந்துவிடுவேன்.

கயத்தாறு வந்துவிட்டதா? இதோ எழுந்திருக்கிறேன். அண்ணாச்சி, ஒரு நிமிஷம். இப்படி நேரே நிற்கிறேன், பாருங்கள். சட்டைக்கு உள்ளே ஏதும் இருக்கிற மாதிரி தெரியுதா? தொந்தி மாதிரித்தானே இருக்கு? போதும். கேட்டுக்காரனுக்குத் தெரியாட்டால் சரி. அவளுக்குத் தெரிஞ்சுரும்.